கடலோர நச்சுப்பாசியை முன்கூட்டியே சொல்ல முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரையோரக் கடலில் நச்சுப்பாசி பெருகப்போகிறது என்று ஓர் அறிவிப்பு வந்தால் அதை எவ்வளவு நம்பலாம், அது எப்படித் தயாராகிறது, ஏன் சில சமயம் பொய்த்துப்போகிறது என்று பலர் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே வரி. விஷயம் அப்படி.

பாசிப்பெருக்கம் என்றாலே ஆபத்துதானா?

இல்லை. கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் எப்போதும் மிதந்துகொண்டேதான் இருக்கின்றன. வெளிச்சமும் சத்தும் வெப்பமும் கூடிவந்தால் அவற்றில் ஏதோ ஓர் இனம் சில நாட்களில் மளமளவென்று பெருகிவிடும். பெரும்பாலான பெருக்கங்கள் நல்லவை, கடலில் மீன் இருப்பதே இவற்றால்தான். ஆயிரக்கணக்கான இனங்களில் நஞ்சு தயாரிப்பவை சில நூறுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் நஞ்சே இல்லாத இனமும் கெடுதல் செய்யலாம். அளவுக்கு மீறிப் பெருகி, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன்கள் திணறிச் சாகும். சில இனங்களுக்கு நுண்ணிய முட்கள் உண்டு, அவை மீனின் செவுளைப் புண்ணாக்கும். ஆகவே "தீங்கு" என்பது ஒரே மாதிரியான தீங்கு அல்ல. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முன்கணிப்பு ஏன் இவ்வளவு சிக்கல் என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

முன்கணிப்பு என்கிறார்களே, உண்மையில் எதைக் கணிக்கிறார்கள்?

மூன்று வேறு வேறு வேலைகளை இந்த ஒரே பெயரில் சொல்கிறார்கள், குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இது கணிப்பே இல்லை என்று தோன்றும், ஆனால் பரந்த கடலில் இதுவே பெரிய வேலை. இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் திட்டு அடுத்த மூன்று நான்கு நாட்களில் எந்தப் பக்கம் நகரும் என்பது. காற்றும் நீரோட்டமும் தெரிந்தால் இதை ஓரளவு நன்றாகவே சொல்லிவிடலாம். மூன்றாவது, இன்னும் தொடங்காத பெருக்கம் எப்போது, எங்கே தொடங்கும், நஞ்சு எவ்வளவு இருக்கும் என்பது. இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

ஓர் அறிவிப்பைப் படிக்கும்போது அது இந்த மூன்றில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். இரண்டாம் வகைக்கு இருக்கும் நம்பகத்தன்மையை மூன்றாம் வகையிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வானிலையைச் சொல்கிற மாதிரி இதையும் ஏன் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை?

காற்றுக்கும் மழைக்கும் இயற்பியல் விதிகள் போதும். பாசி உயிருள்ளது. அது இரண்டாகப் பிரிந்து பெருகும், பசிக்கும், இரவில் கீழே இறங்கிச் சத்து எடுத்துவிட்டுப் பகலில் வெளிச்சத்துக்கு மேலே நீந்தி வரும், வேறு ஏதோ ஒன்று அதைத் தின்னும், வைரஸ் தாக்கும், பக்கத்தில் இருக்கும் இன்னோர் இனம் முந்திக்கொள்ளும். இதில் ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதலாம்தான், ஆனால் அந்தச் சமன்பாட்டில் போட வேண்டிய எண்கள் இனத்துக்கு இனம் மாறும், சில நேரம் ஒரே இனத்திலேயே ஊருக்கு ஊர் மாறும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வானிலைக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நிலையங்கள் நாள்தோறும் அளந்துகொண்டே இருக்கின்றன. பாசிக்கோ, நீண்ட கடற்கரைக்கு வாரம் ஒருமுறை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புட்டி நீர் எடுத்து நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். தொடக்க நிலை தெரியாமல் எந்தக் கணினி மாதிரியும் (சமன்பாடுகளை வைத்துக் கணக்குப் போட்டு முன்கூட்டிச் சொல்லும் நிரல்) ஓடாது. கணினி போதவில்லை என்பதல்ல பிரச்சினை, தண்ணீர் மொண்டு பார்க்கும் ஆள் போதவில்லை. இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்ப இதையேதான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் பணம் ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கடைசியில் வைக்கிறார்கள்.

செயற்கைக்கோளில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

நிறையத் தெரியும், எல்லாம் தெரியாது. செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் நிறத்தை. அந்த நிறத்திலிருந்து பச்சையம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-3 சுமார் 300 மீட்டர் அளவுக்குப் பிரித்துக் காட்டும், நடுக்கடலுக்கு அது அருமையான கருவி.

கரைக்கு அருகே வந்தால்தான் சிக்கல். ஆற்று வண்டலும், மக்கிய இலைதழைகளிலிருந்து கரைந்து வரும் பழுப்பு நிறமும் பச்சையம் போலவே ஏமாற்றும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, அதுவும் மழைக்காலத்தில் வாரக்கணக்கில். மேல்மட்ட நீர் மட்டும்தான் தெரியும், பத்து மீட்டர் ஆழத்தில் மெல்லிய அடுக்காகப் பதுங்கியிருக்கும் பாசி தெரியாது. முக்கியமாக, பச்சையம் எந்த இனத்துடையது, அதில் நஞ்சு உண்டா என்று அது சொல்லாது.

இதற்கு ஃபுளோரிடாவில் ஓர் எளிய உத்தி கண்டுபிடித்தார்கள். இன்றைய பச்சைய அளவிலிருந்து, இரண்டு வாரத்துக்கு முன்பு முடிந்த அறுபது நாள் சராசரியைக் கழித்துவிடுவார்கள். எப்போதும் இருக்கும் பச்சை போய், புதிதாகக் கிளம்பியது மட்டும் படத்தில் நிற்கும். அந்த இடத்துக்குப் படகு அனுப்பி நீர் எடுத்துப் பார்ப்பார்கள். செயற்கைக்கோளின் சரியான பயன் இதுதான்: எங்கே போய் நீர் எடுக்க வேண்டும் என்று அது காட்டும், நீர் எடுப்பதற்கு அது மாற்று ஆகாது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுப்பிய பேஸ் செயற்கைக்கோள் நிறங்களை மிக நுணுக்கமாகப் பிரிக்கிறது, பாசிக் குழுக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய அது கட்டாயம் உதவும். அப்போதும் நஞ்சை வானத்திலிருந்து அளக்க முடியாது.

தண்ணீர் நிறம் மாறவே இல்லை, அப்படியானால் பயமில்லைதானே?

இது ஆபத்தான நம்பிக்கை. டைனோபிசிஸ் என்ற இனம் லிட்டருக்குச் சில நூறு செல்கள் இருந்தாலே போதும், அதை வடிகட்டித் தின்னும் மட்டியும் சிப்பியும் மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கு வரவழைக்கும். அந்த அளவில் நீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். மறுபுறம், கடல் தக்காளிச்சாறு மாதிரிச் சிவந்து கிடக்கும், அதில் நஞ்சே இருக்காது. நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

காற்று வீசினால் இருமல் வருகிறது என்கிறார்கள், அதையுமா கணிக்கிறார்கள்?

ஆமாம், இந்தத் துறையில் உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும் முன்கணிப்புகளில் அது ஒன்று. ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் அடிக்கடி வரும் கரேனியா பிரெவிஸ் என்ற பாசிக்கு உறுதியான மேலுறை கிடையாது. அலை உடையும்போது செல்லும் உடைந்து, பிரெவிடாக்சின் என்ற நஞ்சு நுண்துளிகளோடு காற்றில் கலக்கிறது. கரையை நோக்கிக் காற்று அடித்தால் கடற்கரையில் நிற்பவர்களுக்குக் கண் எரியும், தொண்டை கரகரக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நிலைமை மோசமாகும். அதே பாசி அதே இடத்தில் இருந்தும் காற்று கடலை நோக்கித் திரும்பினால் கரையில் ஒன்றும் தெரியாது.

எனவே நீரில் எத்தனை செல் இருக்கிறது என்ற எண்ணையும் காற்றின் திசையையும் சேர்த்தால், எந்தக் கடற்கரையில் எந்த நேரத்தில் மூச்சுத் தொந்தரவு வரும் என்று சொல்லலாம். காற்றுக் கணிப்பு ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. குறைவது செல் எண்ணிக்கைதான், ஒரு கடற்கரைக்கும் அடுத்த கடற்கரைக்கும் இடையே அது அவ்வளவு மாறும். அதற்காகத் தன்னார்வலர்களிடம் சிறிய நுண்ணோக்கியும் கைப்பேசியும் கொடுத்து, ஒரு துளி நீரைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். கரேனியா நீந்தும் விதத்தை வைத்தே கணினி அதை அடையாளம் கண்டு எண்ணிவிடும். அமெரிக்காவின் தேசிய கடல், வளிமண்டல நிர்வாகம் ஃபுளோரிடாவுக்கு முறையான முன்னறிவிப்பை 2004-ல் தொடங்கியது, பின்னாளில் அதைக் கடற்கரை வாரியாகப் பிரித்துச் சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்ததில் இந்தத் தன்னார்வலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு பருவத்துக்கு முன்பே சொல்ல முடியுமா?

சில இடங்களில், சில இனங்களுக்கு முயன்றிருக்கிறார்கள். நல்ல உதாரணம் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மெய்ன் வளைகுடா. அங்கே அலெக்ஸாண்ட்ரியம் என்ற இனம் சாக்ஸிடாக்சின் என்ற நரம்பு நஞ்சைத் தயாரிக்கிறது. நிலைமை சரியில்லாதபோது இது விதை மாதிரி உறங்குநிலைக்குப் போய்க் கடலடிச் சேற்றில் படிந்துவிடும், அடுத்த வசந்தத்தில் முளைத்து மேலே வரும். ஆகவே இலையுதிர்காலத்தில் கப்பலில் போய்ச் சேற்றை அள்ளி, எத்தனை விதை உறங்குகிறது என்று எண்ணி வரைபடம் போட்டால், வரும் ஆண்டு எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லலாம். 2005-ல் பல பத்தாண்டுகளில் காணாத பெருக்கம் வந்தது. விதைகளும் ஏராளம், அதோடு மே மாதத்தில் வடகிழக்கிலிருந்து வீசிய புயல்கள் பாசியைக் கரையோடு கரையாகத் தள்ளிவிட்டன. மட்டி எடுப்பதை நீண்ட தூரத்துக்குத் தடை செய்ய வேண்டிவந்தது.

பிறகு 2010. சேற்றில் விதை மிக அதிகமாக இருந்ததால் பெரிய பெருக்கம் வரும் என்று அறிவித்தார்கள், வரவில்லை. அந்த ஆண்டு வளைகுடாவுக்குள் வந்த நீரே வேறு மாதிரி இருந்தது: வழக்கத்தைவிட வெதுவெதுப்பு, உப்புக் குறைவு, சத்தும் குறைவு. விதை இருந்தது, நிலம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் அந்தத் தவறிய கணிப்பு பல சரியான கணிப்புகளைவிட அதிகம் கற்றுத்தந்தது. விதையை எண்ணினால் மட்டும் போதாது, வரும் நீரையும் அளக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை.

கழிவுநீரும் உரமும்தானே காரணம்? அதை நிறுத்தினால் போதாதா?

பாதி உண்மை. அடைபட்ட விரிகுடாக்களிலும் முகத்துவாரங்களிலும் நிலத்திலிருந்து வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பெருக்கத்தை ஊதிப் பெரிதாக்குகின்றன, அதைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் எல்லாப் பெருக்கமும் கழிவால் வருவதில்லை. கரேனியா பிரெவிஸ் தொடங்குவது கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, சத்துக் குறைந்த நீரில். அங்கே அடிநீர் பலமாக மேலெழுந்து நிறையச் சத்தைக் கொண்டுவந்தால், வேகமாக வளரும் டயாட்டம்கள் (இன்னொரு வகை நுண்பாசி) முந்திக்கொள்ளும், மெதுவாக வளரும் கரேனியா பின்தங்கிவிடும் என்று விளக்குகிறார்கள். சத்து கூடினால் நச்சுப்பாசி கூடும் என்ற நேர்க்கணக்கு அங்கே செல்லாது. கரைக்கு வந்தபிறகு நிலத்துச் சத்து அதற்குத் தீனியாகலாம், அது வேறு கட்டம்.

பாசி எவ்வளவு என்று தெரிந்தால் நஞ்சு எவ்வளவு என்று தெரிந்துவிடுமா?

தெரியாது, சூடோ-நிட்சியா இதற்கு நல்ல சாட்சி. இது டயாட்டம் வகை, டோமோயிக் அமிலம் என்ற நஞ்சைத் தயாரிக்கும். 1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மட்டிகளைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு நினைவாற்றல் போனது. அதுவரை ஒரு டயாட்டம் இப்படிச் செய்யும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. இதே பாசி சில சமயம் கடல் நிறைய இருந்தும் நஞ்சு கொஞ்சமே இருக்கும், சிலிக்காவோ பாஸ்பேட்டோ போதாமல் போனால் ஒரே செல்லில் நஞ்சு ஏறிவிடும்.

அதனால்தான் கலிஃபோர்னியாவுக்கான முன்கணிப்பு மூன்று தனித்தனி நிகழ்தகவுகளைத் தருகிறது: பாசி அதிகமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, நீரில் நஞ்சு அதிகமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, ஒரு செல்லுக்குள் நஞ்சு அதிகமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு. இன்றைய நிலையும் அடுத்த மூன்று நாளும். 2015-ல் வழக்கத்துக்கு மாறான வெப்பநீரோடு இந்தப் பாசி வட அமெரிக்காவின் மேற்குக் கரையெங்கும் பரவி நண்டுப் பிடிப்பையே பல மாதம் தள்ளிப்போட வைத்தது, அதன்பின் இந்த மாதிரிகளுக்கு மதிப்பு கூடியது.

மனிதர் போகாமல் கருவியே நீரைப் பார்க்க முடியாதா?

முடியும், அழகாகச் செய்கிறது. கடலில் நிறுத்தப்படும் ஒரு கருவி சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து மில்லிலிட்டர் நீரை உறிஞ்சி, அதிலிருக்கும் ஒவ்வொரு செல்லையும் படமெடுத்து அனுப்புகிறது. 2008-ல் டெக்சாஸ் கரையில் இருந்த அப்படியொரு கருவி டைனோபிசிஸ் திடீரென்று பெருகுவதைக் காட்டிக்கொடுத்தது. மெக்சிகோ வளைகுடாவில் அப்படியொரு பெருக்கம் முன்பு பதிவானதே இல்லை. சிப்பி எடுப்பதை நிறுத்தி, ஏற்கெனவே சந்தைக்குப் போனதைத் திரும்பப் பெற்றார்கள், யாரும் நோயுறவில்லை. ஒரு கருவி ஒரு புள்ளியைத்தான் பார்க்கும், விலையும் அதிகம், பராமரிப்பும் தேவை. ஆனாலும் அந்த ஒரு நிகழ்வு போதும், இதில் போட்ட பணம் வீணில்லை என்று சொல்ல.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனிமேல் எளிதுதானா?

படத்திலிருந்து இனத்தைப் பிரித்தறிவதில் அது ஏற்கெனவே பெரிய உதவி. எப்போது தொடங்கும் என்று சொல்வதில் அதற்கும் பழைய தரவுதான் தீனி, பல கடற்கரைகளில் அந்தத் தரவே இல்லை. தரவு இருக்கும் இடத்திலும் நேற்றுவரை நடந்ததைத்தான் அது கற்றிருக்கும், இதுவரை வராத இனம் வந்தால் கைவிரித்துவிடும்.

"95 சதவீதம் சரி" என்று ஒரு மாதிரி சொன்னால் நம்பலாமா?

உடனே நம்ப வேண்டாம். நூறு நாளில் ஐந்து நாள் மட்டும் பாசி வரும் இடத்தில், தினமும் "வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தாலே 95 சதவீதம் சரியாகிவிடும், ஆனால் அதனால் ஒருவருக்கும் பயனில்லை. வந்த நாட்களில் எத்தனையை முன்பே பிடித்தது, எச்சரித்ததில் எத்தனை பொய்யானது, இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அப்புறம் இன்னொன்றும் கேளுங்கள்: "நேற்று இருந்தது போலவே இன்றும் இருக்கும்" என்று சொல்வதைவிட இது எவ்வளவு மேல்? பாசித் திட்டுகள் வாரக்கணக்கில் நீடிப்பதால் அந்தச் சோம்பேறிக் கணிப்பே குறுகிய காலத்துக்கு நன்றாக மதிப்பெண் வாங்கும். அதைத் தோற்கடிக்காத மாதிரிக்கு என்ன பெயர் வைத்தாலும் பயனில்லை.

எச்சரிக்கை வந்து என்ன செய்ய முடியும்? பாசியை நிறுத்தவா முடியும்?

பாசியை நிறுத்துவது அரிது. தென்கொரியாவில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து மஞ்சள் களிமண்ணைத் தூவிப் பாசியோடு ஒட்டவைத்து அடியில் படியவைக்கிறார்கள், சிறு பரப்புக்கு அது உதவும். மற்றபடி, நாம் விலகுவதுதான் வழி. மீன் வளர்ப்பவர்கள் தீனியை நிறுத்துவார்கள், தீனி எடுக்காத மீனுக்கு ஆக்சிஜன் தேவை குறைவு. கூண்டை ஆழத்தில் இறக்கலாம், இழுத்துக்கொண்டு வேறிடம் போகலாம், முன்கூட்டியே பிடித்து விற்கலாம். இதற்கெல்லாம் இரண்டு மூன்று நாள் வேண்டும், அந்த இரண்டு மூன்று நாளைத் தருவதுதான் முன்னறிவிப்பின் வேலை. 2016-ல் சிலியில் சுமார் 40,000 டன் சால்மன் மீன் ஒரே பருவத்தில் பாசியால் மடிந்தது. அந்த அளவில் பார்த்தால் ஒரு நாள் முன்பு தெரிந்தாலும் மதிப்புத்தான்.

நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடாதா?

போகாது. சாக்ஸிடாக்சின், டோமோயிக் அமிலம் போன்றவை வீட்டுச் சமையலின் சூட்டில் அழிவதில்லை, உறைய வைத்தாலும் போகாது. மட்டியின் நிறம், மணம், சுவை எதுவும் மாறியிருக்காது. தடை அறிவித்த இடத்து மட்டியைத் தின்ன வேண்டாம், அவ்வளவுதான் பதில். தின்றபின் உதடு, விரல் நுனி மரத்துப்போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடல் சூடாவதால் இது அதிகமாகிறதா?

எல்லா இடத்திலும் ஒரேபோல அதிகமாகிறது என்று சொல்வது சரியில்லை. நிறைய இடங்களில் கண்காணிப்பு கூடியதால் கண்டுபிடிப்பும் கூடியிருக்கிறது. ஆனால் வெப்ப அலைகளின்போது பாசிகள் புதிய இடங்களில் தலைகாட்டுவது தெளிவாகத் தெரிகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2025 மார்ச்சில், கடல் வழக்கத்தைவிடச் சுமார் 2.5 டிகிரி சூடாக இருந்தபோது தொடங்கிய கரேனியா பெருக்கம் மாதக்கணக்கில் நீடித்து எண்ணற்ற கடலுயிர்களைக் கொன்றது. முதலில் இருமத் தொடங்கியவர்கள் அலைச்சறுக்கு வீரர்கள். ஆரம்பத்தில் ஓர் இனத்தின் பெயர் சொன்னார்கள். பிறகு பிரெவிடாக்சின் கிடைத்தபோது அந்த இனத்தோடு அது பொருந்தவில்லை, கடைசியில் கரேனியா கிரிஸ்டாட்டா என்ற, அதிகம் அறியப்படாத இனமும் அதில் இருந்தது தெரியவந்தது. பெயரே தெரியாத ஒன்றுக்கு யாரிடமும் மாதிரி தயாராக இருக்க முடியாது.

எங்கள் கடற்கரைக்கு எந்த அமைப்பும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் உங்கள் நாட்டில் ஏதாவது ஏற்கெனவே வருகிறதா என்று பாருங்கள். அயர்லாந்தின் கடல்சார் நிறுவனம் வாராந்தர அறிக்கை தருகிறது, ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வழியே பாசிப்பெருக்கத் தகவல் தருகிறது. இப்படிப் பல நாடுகளில் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை.

எதுவுமே இல்லையென்றால் கணினி மாதிரி வாங்க ஓடாதீர்கள். ஒரே இடத்தை, ஒரே ஆழத்தை, ஒரே நாளைத் தேர்ந்தெடுத்து வாரந்தோறும் நீர் எடுங்கள். கொஞ்சம் லூகால் என்ற அயோடின் கரைசல் விட்டால் செல்கள் கெடாமல் இருக்கும், பக்கத்துக் கல்லூரியில் நுண்ணோக்கி இருந்தால் எண்ணிவிடலாம். வெப்பம், உப்பு, காற்றின் திசை, நீரின் நிறம், மீன் செத்து ஒதுங்கியதா என்று கூடவே எழுதுங்கள். ஒன்றும் இல்லாத வாரத்திலும் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள், பலர் தவறவிடுவது இதைத்தான், பூச்சியம் இல்லாத தரவை வைத்து எந்த மாதிரிக்கும் பாடம் சொல்லிக்கொடுக்க முடியாது. மீனவர்களோடு பேசுங்கள், நீர் மாறுவதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள். சில ஆண்டு விடாமல் செய்தால், எந்தக் காற்றுக்குப் பின், எந்த மாதத்தில், எந்த இனம் வருகிறது என்று அந்தக் குறிப்பேட்டிலிருந்தே தெரிய ஆரம்பிக்கும். கணினி மாதிரி அதற்குப் பிறகு வரட்டும்.